நாற்பத்து நாலு வயதில் மறுபடியும் லெகோ: உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

யூலண்ட்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக மனதுக்குள் கிடக்கிற ஒன்றை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது டென்மார்க்கில், யூலண்டின் நடுப்பகுதியில். 1989-இல் எட்டு வயதில் அம்மா அப்பாவோடு யாழ்ப்பாணத்தில் இருந்து இங்கே வந்து சேர்ந்தேன். முதல் குளிர்காலத்தில் இந்த நாட்டு மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. நாலு மணிக்கே இருட்டிவிடும். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த டேனிஷ் மூதாட்டி ஒருநாள் கதவைத் தட்டி, ஒரு துணிப்பையை என் கையில் தந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். உள்ளே முழுக்க லெகோ, ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்திக் கட்டுகிற பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகள். பெரும்பாலும் நீலம், சாம்பல், இடையில் மஞ்சள் கண்ணாடி போன்ற சில துண்டுகள். 1978-இல் தொடங்கிய விண்வெளி வரிசையின் கட்டைகள் அவை என்று இப்போதுதான் தெரியும். அன்று எனக்கு அது வெறும் பை. படம் இல்லை, எப்படிக் கட்டுவது என்று சொல்லும் புத்தகம் இல்லை. நானே யோசித்துக் கட்டினேன். பஸ், கோயில் தேர், எங்கள் வீட்டுப் படலை. பையில் ஐந்து குட்டி ஆட்கள் இருந்தார்கள். நீல ஆளின் தலைக்கவசம் தாடைக்குக் கீழே வெடித்திருந்தது.

பதினாலு வயதில் விட்டுவிட்டேன். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. பை அலுமாரிக்கு மேலே போனது, அப்புறம் கண்ணில் படவேயில்லை.

போன இலையுதிர் காலத்தில் அம்மா வீடு மாறினார். நிலக்கீழ் அறையை ஒதுக்கும்போது, இடியப்ப உரலும் நீத்துப்பெட்டியும் இருந்த அட்டைப்பெட்டிக்குப் பின்னால் அந்தப் பை கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மகளுக்குப் போன வருடம் வாங்கிய செட்டில் இருந்து ஒரு சிவப்புக் கட்டையை எடுத்து, பழைய நீலக் கட்டையின் மேல் வைத்து அமர்த்தினேன்.

டிக்.

அவ்வளவுதான். இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவே நாற்பது வருடம் இருக்கலாம். அன்று இரவு ஒரு மணி வரை மேசையை விட்டு எழும்பவில்லை. அதிலிருந்து கிட்டத்தட்ட ஒவ்வொரு இரவும் அப்படித்தான் போகிறது.

உங்களில் யாராவது இப்படித் திரும்பி வந்தீர்களா? எப்போது விட்டீர்கள், எது கூட்டி வந்தது? பழைய கட்டைகளைக் கழுவுவது எப்படி என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அச்சுப்பட்டறை, கோவை:

உங்க 'டிக்' பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கு நண்பரே. நான் 26 வருஷமா பிளாஸ்டிக் மோல்டு செய்கிற பட்டறையில் வேலை பார்க்கிறேன். சின்ன வயசில் லெகோவைக் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. அதனால் திரும்பி வந்தேன் என்று சொல்ல முடியாது, 38 வயசில்தான் வந்தே சேர்ந்தேன். பையனுக்கு வாங்கின கட்டையை மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோய் மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு விழுந்தவன்தான்.

கட்டையின் மேலே புடைத்து நிற்கிறதே, அதுதான் குமிழ். குமிழுக்கும் குமிழுக்கும் நடு அளவு 8 மி.மீ. குமிழின் விட்டம் 4.8. கட்டையின் உயரம் 9.6, மெல்லிய தட்டின் உயரம் 3.2. அதாவது மூன்று தட்டு சேர்ந்தால் ஒரு கட்டை. எட்டு குமிழ்க் கட்டை, அதாவது நாலுக்கு இரண்டு, 16 மி.மீ. அகலம் இருக்க வேண்டும், ஆனால் 15.8 தான் இருக்கும். பக்கத்தில் இன்னொன்று உட்கார வேண்டுமே, அதற்காக விட்ட இடம் அது.

கட்டையைக் கவிழ்த்தால் உள்ளே குழல்கள் தெரியும். உயிர் அங்கேதான் இருக்கு. நாலு குமிழ் சதுரமாக நிற்கும்போது குறுக்காக எதிரெதிரே இருக்கிற இரண்டின் நடு அளவு 11.31 மி.மீ. அதில் ஒரு குமிழின் விட்டத்தைக் கழித்தால் 6.51 வரும். குழலின் விட்டம் அதுதான். நாலு குமிழும் அந்தக் குழலை நாலு பக்கமும் தொட்டு நிற்கும். துளி கூடினால் பிரிக்கப் பல் வேண்டும், துளி குறைந்தால் தானாகக் கழன்றுவிடும். இதில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் சூடு ஆறும்போது அரை சதவீதம் போலச் சுருங்கும் என்பதையும் கணக்கில் வைத்து எஃகில் அச்சு வெட்ட வேண்டும். எங்க ஏரியாவில் நல்ல டூல் மேக்கர் நிறையப் பேர் இருக்காங்க. அவங்ககிட்ட இந்தக் கட்டையைக் கொடுத்தால் ஒரு நிமிஷம் பேச்சு வராது.

குழல் வந்தது 1958-இல். ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அதற்கு முன்னால் கட்டை உள்ளே வெறும் குடைவாக இருக்கும், மேலே அடுக்கலாம், தூக்கினால் விழும். பிறகு 1963-இல் செல்லுலோஸ் அசிடேட் என்ற பழைய பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு ஏபிஎஸ்ஸுக்கு மாறினார்கள். அசிடேட் காலப்போக்கில் கோணும். உங்க பை 80-களுடையது என்றால் பயமே வேண்டாம், இன்னும் 30 வருஷம் பிடிக்கும்.

தேக்கா நைட் ஷிஃப்ட்:

நான் சிங்கப்பூரில் நர்ஸ். மூன்று வருடத்துக்கு முன்னால் தொடர்ந்து இரவுப் பணி பார்த்தபோது காலையில் வீட்டுக்கு வந்தாலும் தூக்கம் வராது. கை மட்டும் ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் போல இருக்கும். போனை எடுத்தால் இன்னும் மோசம். கூட வேலை செய்கிற பிலிப்பினோ அக்கா ஒருவர் என் பிறந்தநாளுக்கு லெகோ போன்சாய் மரத்தைப் பரிசாகத் தந்தார். 878 துண்டு. நாலு காலைகளில் கட்டி முடித்தேன்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. மரத்துக்குப் பச்சை இலையும் வைக்கலாம், மாற்றி இளஞ்சிவப்புப் பூவும் வைக்கலாம். கிட்டப் போய்ப் பார்த்தால், பூக்களுக்கு நடுவே குட்டிக் குட்டித் தவளைகள். வேறு எதற்கோ செய்த தவளைத் துண்டை இளஞ்சிவப்பு நிறத்தில் வார்த்து, பூவாக வைத்திருக்கிறார்கள். பையைப் பிரித்துத் தவளைகளை உள்ளங்கையில் கொட்டியபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அந்த வாரம் வார்டில் மிகவும் கஷ்டமான வாரம்.

இப்போது ஆர்க்கிட் இருக்கிறது, இன்னும் சில பூக்கள் இருக்கின்றன. ஒன்றைக் கட்டி முடித்ததும் ஆறு மாதம் வைத்திருந்து பிரித்துவிடுவேன். மறுபடி கட்டுவேன். யூலண்ட் அண்ணா, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: என்னைக் கூட்டி வந்தது என் கை.

மேலமாசி வீதி:

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் மதுரையில் இருந்து பார்க்கிறவனுக்கு முதலில் தெரிவது விலை. பொம்மை இறக்குமதி வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரியில் இருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் பொம்மை விற்கக் கூடாது என்ற விதியும் வந்தது. உள்நாட்டுப் பொம்மைத் தொழில் வளர வேண்டும் என்று செய்தது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெரியவர்களுக்கான ஒரு செட் என் ஒரு மாத வீட்டு வாடகையைத் தொடும்போது கை தயங்குகிறது. மகள் கல்லூரிக்குப் போகிற வயதில் அப்பா கட்டை வாங்குகிறான் என்றால் அதற்கு நான் எனக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதனால் மாற்று பிராண்டு கட்டைகளை வாங்கிக் கட்டுகிறேன். இதில் தவறு உண்டா?

ஸ்கார்பரோ சித்தி:

தம்பி, மாற்றுக் கட்டை வாங்குவதில் சட்டப்படி தவறே கிடையாது. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கட்டையின் வடிவத்தையே வணிக முத்திரையாகப் பதிந்து காப்பாற்றப் பார்த்தார்கள். எங்கள் கனடா உச்ச நீதிமன்றம் 2005-இல் முடியாது என்றது. ஐரோப்பிய நீதிமன்றமும் 2010-இல் அதையே சொன்னது. ஒரு பொருள் வேலை செய்வதற்கே காரணமாக இருக்கிற வடிவத்தை ஒருவர் மட்டும் என்றென்றைக்கும் வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் விஷயம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஆனால் ஒருவர் வடிவமைத்த செட்டை அப்படியே நகலெடுத்து, பெட்டிப் படத்தையும் திருடி விற்பது வேறு. 2019-இல் சாங்காய் போலீஸ் அப்படிப்பட்ட ஒரு பெரிய கூட்டத்தைப் பிடித்தது. அவற்றை மட்டும் தொடாதீர்கள். சொந்தப் பெயரில் சொந்த வடிவம் செய்கிற நிறுவனங்கள் இருக்கின்றன, அவற்றை வாங்கிக் கட்டுங்கள், சந்தோஷமாகக் கட்டுங்கள்.

யூலண்ட் தம்பிக்குக் கழுவும் முறை. வலைப்பையில் போட்டு, கைக்கு இதமான வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ரெண்டு சொட்டு. 40 டிகிரிக்கு மேலே போகாதீர்கள், கட்டை வளையும். துவாலையில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். வெயில் வேண்டாம், அதுதான் வெள்ளையையும் சாம்பலையும் மஞ்சளாக்குவது. ஏற்கெனவே மஞ்சளானதை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளுக்கிறவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. சில வருடத்தில் மறுபடி மஞ்சளாகும். அதோடு, அந்த மஞ்சள் அது ஒரு பிள்ளையின் ஜன்னலோரம் இருந்த அடையாளம், எனக்கு அது பிடிக்கும்.

அடுத்தது பிரித்து வைப்பது. எல்லோரும் முதலில் செய்வது நிறம் நிறமாகப் பிரிப்பது. நானும் செய்து, மூன்று வாரத்தில் அழாத குறை. சிவப்புப் பெட்டிக்குள் ஒரு சின்னச் சிவப்புத் துண்டைத் தேடிப் பாருங்கள், கண் நோகும். வடிவம் வடிவமாகப் பிரியுங்கள். ஒரே வடிவம் உள்ள பெட்டிக்குள் நிறம் தானாகத் தெரியும். ரொம்பப் பொடியான துண்டுகளுக்கு நான் பயன்படுத்துவது அஞ்சறைப் பெட்டி. கடுகும் சீரகமும் இருந்த கிண்ணத்தில் ஒற்றைக் குமிழ்த் தட்டுகள். இதற்கென்று விற்கிற எந்தப் பெட்டியும் அதற்கு ஈடாகாது.

ஒன்றை மறந்துவிட்டேன். பிள்ளைப் பருவத்தில் விட்டுவிட்டுப் பெரியவர்களாகித் திரும்புகிறவர்கள், இடையில் போன வருடங்களை 'இருண்ட காலம்' என்பார்கள், உலகம் முழுக்க. எனக்கு அந்தச் சொல் ஒப்பவில்லை. அந்த வருடங்களில்தான் நான் ரெண்டு பிள்ளைகளை வளர்த்தேன்.

யூலண்ட்காரன்:

சித்தி, கழுவிவிட்டேன். தண்ணீர் கறுப்பாக ஓடியது. நாற்பது வருடத் தூசி. நீலம் புதுசு போல இருக்கிறது, சாம்பலில் பாதி பழுப்பேறி இருக்கிறது. நீங்கள் சொன்னபடி அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

மேலமாசி அண்ணா, விலை பற்றி நீங்கள் எழுதியது உண்மை. இங்கேயும் புதுப் பெட்டி மலிவில்லை. ஆனால் இந்த ஊரில் எங்களுக்கு ஒரு வசதி. பழைய சாமான் சந்தைகளிலும் செஞ்சிலுவைக் கடைகளிலும் கட்டைகள் பை பையாக வரும். இந்த மாவட்டத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் ஒரு பெட்டி இருந்திருக்கும் போல. அதை நினைத்தால் கிடைத்த இடத்துக்கு நன்றிதான் வருகிறது.

கணக்கு டீச்சர், தஞ்சை:

இந்த இழையை என் தங்கை அனுப்பினாள். நான் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். எட்டு குமிழ்க் கட்டைகளை வகுப்புக்குக் கொண்டுபோன கதையைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒரே நிறத்தில் இரண்டு கட்டை. ஒன்றின் மேல் ஒன்றை எத்தனை விதமாகப் பொருத்தலாம்? பிள்ளைகள் பத்து, பதினைந்து என்றார்கள். எண்ணினோம். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் நீளவாக்கில் 7 இடம், அகலவாக்கில் 3 இடம், ஆக 21. குறுக்காக வைத்தால் 5-க்கு 5, ஆக 25. மொத்தம் 46. பிறகு ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், இதைத் திருப்பிப் பிடிச்சா அதுவும் இதுவும் ஒண்ணுதானே?" என்றாள். ஆமாம், 180 டிகிரி திருப்பினால் இரண்டிரண்டு ஒன்றாகிவிடும், நடுவில் சரியாக உட்காரும் இரண்டு மட்டும் தனக்குத் தானே ஜோடி. ஆக 22 உடன் 2, மொத்தம் 24. அந்தப் பெண் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்து ஆறு கட்டை என்றேன். வகுப்பே சேர்ந்து எண்ணினாலும் ஆயுள் போதாது. நிறுவனம் பல காலம் 10 கோடியே 29 லட்சத்து 81 ஆயிரத்து 500 என்று சொல்லி வந்தது. அது ஆறும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கோபுரம் போல நிற்கிற வகைகள் மட்டும். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கணித ஆசிரியர் சோரன் ஐலர்ஸ் அதைக் கவனித்து, கணினியில் போட்டு எண்ணினார். சரியான விடை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765. இதற்கு ஒரு சூத்திரம் கிடையாது, ஒவ்வொன்றாக எண்ணித்தான் ஆக வேண்டும்.

நான் கட்டைக்கு வந்தது இப்படி. பாடத்துக்காக வாங்கினேன், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்காக எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.

யூலண்ட்காரன்:

ரீச்சர், அந்த எண்ணை நான் கையில் பிடித்திருக்கிறேன்!

என் வீட்டில் இருந்து பில்லுண்ட் கார் ஓட்டினால் அரை மணி நேரம்தான். லெகோவைத் தொடங்கிய ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-இல் மரப் பொம்மை செய்யத் தொடங்கிய ஊர் அது. அங்கே 2017-இல் லெகோ ஹவுஸ் என்று ஒன்று திறந்தார்கள். உள்ளே கட்டை வார்க்கிற இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். போகிற ஒவ்வொருவருக்கும் ஆறு சிவப்புக் கட்டைகள் தருவார்கள், அவற்றைப் பொருத்துகிற ஒரு விதத்தைக் காட்டும் அட்டையும் தருவார்கள். அதே 91 கோடிச் சொச்சத்தில் ஒன்று. எனக்கு வந்தது மகளுக்கு வந்ததில்லை. அட்டையைப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

நடுவில் ஒரு மரம் நிற்கிறது, 15 மீட்டருக்கு மேல் உயரம், 63,16,611 கட்டை. எல்லோரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். நான் நின்றது மேல்மாடியில். கூரையில் குமிழ் மாதிரி எட்டு வட்ட ஜன்னல், கீழே பெரியவர்கள் சொந்தமாகக் கட்டிய படைப்புகள். நிறுவனத்தின் சொந்த வீட்டில், மிக உயரமான கூடத்தை, எங்கோ ஒரு மேசையில் இரவிரவாக இருந்து கட்டியவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

அச்சுப்பட்டறை, கோவை:

தச்சர் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நிறுவனம் மர வாத்துப் பொம்மை செய்த காலத்தில் அவருடைய மகன் கோட்பிரெட் ஒருநாள், வாத்துகளுக்கு மூன்று கோட் வார்னிஷுக்குப் பதிலாக இரண்டே அடித்து அனுப்பி, இவ்வளவு மிச்சம் பண்ணினேன் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னாராம். அப்பா அவரை உடனே ரயில் நிலையத்துக்கு அனுப்பி, பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவரச் செய்து, மூன்றாவது கோட்டைத் தனியாக உட்கார்ந்து அடிக்க வைத்தார். நிறுவனத்தாரே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிற கதை. குழலோடு கூடிய கட்டைக்கு 1958-இல் காப்புரிமை கேட்டது இதே மகன்தான். எங்க பட்டறைப் பசங்களுக்கு நான் இதைச் சொல்லாத வருஷம் இல்லை.

மண்வாசனை:

எல்லோரும் மகிழ்ச்சியாகப் பேசுகிற இடத்தில் எதிர்த்துப் பேச வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். எனக்கு இரண்டு கேள்விகள்.

ஒன்று. இது பிளாஸ்டிக். 1997 பிப்ரவரி 13 அன்று டோக்கியோ எக்ஸ்பிரஸ் என்ற கப்பல் இங்கிலாந்தின் லேண்ட்ஸ் எண்ட் முனைக்கு அப்பால் பேரலையில் சிக்கி 62 கன்டெய்னர்களை இழந்தது. அதில் ஒன்றுக்குள் 47,56,940 லெகோ துண்டுகள். கார்ன்வால் கரையில் இன்று வரை குட்டி ஆக்டோபசும் டிராகனும் ஒதுங்குகின்றன. கரையில் பொறுக்கிய பழைய கட்டைகளை ஆராய்ந்த பிளிமத் பல்கலைக்கழகத்தார், ஒரு கட்டை கடலில் 100 முதல் 1,300 ஆண்டு வரை கிடக்கலாம் என்று 2020-இல் எழுதினார்கள். நீங்கள் புகழ்கிற அதே உறுதிதான்.

இரண்டு. புத்தகத்தைப் பார்த்து, எண் போட்ட பையை வரிசையாகப் பிரித்து, காட்டிய இடத்தில் காட்டிய துண்டை வைப்பதில் கட்டுகிறவருடையது என்ன இருக்கிறது? யூலண்ட்காரர் எட்டு வயதில் படலை கட்டினாரே, அதைப் படைப்பு என்பேன்.

தேக்கா நைட் ஷிஃப்ட்:

இரண்டாவதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது என்னைத் தொட்டது. என் அம்மா மார்கழியில் போடுகிற கோலம் எல்லாம் ஒரு பழைய கோல நோட்டில் இருந்துதான். அம்மாயி எழுதியது, அதற்கு முன்னால் யாரிடம் வந்ததோ. பதினைந்து புள்ளி எட்டு வரை இடுக்குப் புள்ளி என்று எழுதியிருக்கும், அதைப் பார்த்துத்தான் இழுப்பார். அது அம்மாவின் கோலம் இல்லை என்று யாரும் சொன்னதில்லை. நோட்டைப் பார்த்து நூறு தடவை போட்ட பிறகு ஒருநாள் நோட்டில் இல்லாத ஒரு வளைவு வந்தது. எனக்கும் அப்படித்தான். ஆர்க்கிட்டை மூன்று முறை கட்டிப் பிரித்த பிறகு, நாலாவது முறை மீதித் துண்டுகளில் ஒரு செம்பருத்தி வந்தது.

மேலமாசி வீதி:

கோலம் என்றதும் கவனித்தேன். குமிழ்த் தட்டு என்பதே புள்ளி வைத்த வாசல்தான்.

ஸ்கார்பரோ சித்தி:

மண்வாசனை, உங்கள் முதல் கேள்வியை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நிறுவனம் 2018 முதல் செடி, இலை போன்ற மென்மையான துண்டுகளைக் கரும்பில் இருந்து எடுத்த பாலிஎதிலினில் செய்கிறது. கட்டைக்கு அது ஒத்துவராது, இறுக்கம் போதாது. பழைய பாட்டில்களில் இருந்து கட்டை செய்து பார்த்தார்கள். 2023-இல் அதைக் கைவிட்டார்கள், தொழிற்சாலையை மாற்றியமைப்பதால் கரியமில வெளியீடு குறையாமல் கூடும் என்று தெரிந்ததால். ஆகக் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. நான் எனக்கென்று வைத்திருக்கிற விதி, பத்தில் எட்டுப் பங்கு பழையதாக வாங்குவது. ஒரு துண்டையும் குப்பையில் போட்டதில்லை. இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

மண்வாசனை:

நேர்மையான பதில் சித்தி, நன்றி. கோலம் பற்றிச் சொன்னதையும் யோசிக்கிறேன். என் பாட்டியிடமும் ஒரு நோட்டு இருந்தது.

யூலண்ட்காரன்:

பத்து நாளாக எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. சொந்தமாக ஒன்று கட்டத் தொடங்கியிருக்கிறேன். எங்கள் அம்மம்மாவின் நாற்சார் வீடு. அது இப்போது இல்லை, படமும் இல்லை. நான் அங்கே இருந்தது சின்ன வயதில், நினைவில் இருப்பது முற்றத்து வெளிச்சமும் கிணற்றடியும்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டி வந்து பக்கத்தில் இருத்தினேன். முதலில், "உனக்கு வேற வேலை இல்லையோ" என்றார். அரை மணி நேரத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இல்லை, குசினி இந்தப் பக்கம், விறாந்தையில் நாலு தூண், நடுமுற்றத்துக்கு ரெண்டு படி இறங்க வேணும்" என்று தொடங்கினார். இரண்டாவது ஞாயிறு தானாகவே வந்து கதவைத் தட்டினார்.

48-க்கு 48 குமிழ் அடித்தட்டு, ஒரு பக்கம் 38.4 செ.மீ. குட்டி ஆளின் உயரம் 4 செ.மீ. என்பதால் வீடு ஓரளவு சரியான அளவில் வருகிறது. சுவர் நிற்கிறது. இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஒன்று, விறாந்தைத் தூணின் நுட்பமான வேலையைக் காட்டக் கட்டைகளைப் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும், அப்படி வைத்தால் மேலே வருகிற வரிசையோடு உயரம் பொருந்தவில்லை. இரண்டு, துலா, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற நீள மரம். அதைத் தாங்குகிற ஆடுகாலுக்கு மேலே அது உண்மையாகவே ஏறி இறங்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நிற்கிறார். அவருடைய தாய்மாமன் துலா மிதித்தவராம், மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்து தண்ணீர் இறைப்பாராம்.

அச்சுப்பட்டறை, கோவை:

உயரத்துக்கு வழி இருக்கு, கவலை வேண்டாம். ஒரு தட்டு 3.2, ஐந்து தட்டு 16 மி.மீ. இரண்டு குமிழின் அகலமும் 16 மி.மீ. ஆகப் பக்கவாட்டில் எதைப் படுக்க வைத்தாலும், கிடக்கிற கட்டையின் இரண்டு குமிழ் அகலத்துக்கு நிற்கிற பக்கம் ஐந்து தட்டு, அதாவது ஒரு கட்டையும் இரண்டு தட்டும் வைத்தால் மட்டம் ஒட்டிக்கொள்ளும். பக்கவாட்டிலும் குமிழ் உள்ள கட்டை நாலைந்து வாங்கிக்கொள்ளுங்க.

துலாவுக்கு லெகோவின் டெக்னிக் என்ற வகையில் துளை போட்ட கட்டை, அதில் முளை. முளையில் இரண்டு ஜாதி. கறுப்பு முளை துளையைக் கவ்விப் பிடிக்கும், வைத்த கோணத்தில் நிற்கும். சாம்பல் முளை வழுக்கும், தானாக ஆடும். உங்களுக்குச் சாம்பல். பின்பக்கம் பாரம் கொஞ்சம் கூட இருக்கட்டும், வாளி மேலே வரும்.

மரத்துக்குச் செம்பழுப்புக் கட்டை பயன்படுத்துவீங்க என்று நினைக்கிறேன். கொஞ்ச வருஷத்துக்கு முந்தைய செம்பழுப்பு சிலது பிஸ்கட் மாதிரி உடையும், பிரிக்கும்போது நெம்பாதீங்க.

யூலண்ட்காரன்:

அண்ணா, ஐந்து தட்டுக் கணக்கு அப்படியே பொருந்தியது. நாலு தூணும் நின்றுவிட்டன. செம்பழுப்பில் இரண்டு உடைந்தது, நீங்கள் சொன்னதை ஒரு நாள் பிந்திப் படித்தேன்.

துலா ஆடுகிறது. ஒற்றைக் குமிழ் அகலத்தில் ஆளை நிறுத்தினால் பக்கவாட்டில்தான் நிற்கிறார், நடக்கிற மாதிரி இல்லை. குறுக்கே இரட்டைக் குமிழ்த் தட்டு ஒன்றை வைத்து முன்னே பார்க்கத் திருப்பினேன். ஆள் வேறு யாரும் இல்லை, பையில் இருந்த அந்த நீல ஆள். வெடித்த தலைக்கவசத்தைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டேன். அவரைப் பின்பக்கம் நகர்த்தினால் வாளி எழும்புகிறது, முன்பக்கம் கொண்டுவந்தால் இறங்குகிறது.

நேற்று அம்மா அதை விரலால் பத்துப் பதினைந்து தரம் ஏற்றி இறக்கினார். பிறகு, "கிணறு வீட்டுக்கு இவ்வளவு கிட்ட இல்லை, மூன்று எட்டு தள்ளி, பக்கத்தில் ஒரு கமுகு நின்றது" என்றார். அடித்தட்டில் இடம் முடிந்துவிட்டது. சனிக்கிழமை சந்தையில் இன்னொரு தட்டுத் தேட வேண்டும். கமுகுக்கு என்ன துண்டு பயன்படுத்தலாம் என்று யாராவது சொல்லுங்கள், தண்டு மெல்லிசாக, நேராக, சாம்பல் நிறத்தில் வர வேண்டும்.